கடல்நீரைத் தாங்கும் பித்தளை

இந்தச் சொற்பொழிவின் பொருள் ஒரு குழாய். விட்டம் ஓர் அங்குலம். சுவரின் தடிமன் ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர். கையில் எடுத்துப் பார்த்தால் மஞ்சள் நிறப் பித்தளைக் குழாய், அவ்வளவுதான். ஒரு பெரிய அனல் மின்நிலையத்தின் கண்டன்சரில் இப்படிப்பட்ட குழாய்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும். இரு முனைகளிலும் கனத்த உலோகத் தகடுகள். டியூப் ஷீட் எனப்படும் அந்தத் தகடுகளில் துளையிட்டு, ஒவ்வொரு குழாயின் முனையையும் எக்ஸ்பாண்டரால் விரித்து இறுக்கியிருப்பார்கள். குழாய்க்குள் குளிர்ந்த கடல்நீர் ஓடும். வெளியே டர்பைனைச் சுழற்றி முடித்த நீராவி வந்து மோதிக் குளிர்ந்து நீராகச் சொட்டும். அந்த நீர் மறுபடி பாயிலருக்குப் போகும்.

இரண்டும் நீர்தான், ஆனால் ஒன்றோடு ஒன்று சேரக் கூடாதவை. பாயிலருக்குப் போகும் நீர் உப்பே இல்லாத அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்டது. மறுபக்கம் ஓடுவதோ ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர். அதில் குளோரைடு மட்டுமே ஏறக்குறைய 19 கிராம். கணக்கு எளிது: ஒரே ஒரு லிட்டர் கடல்நீர் 19 டன் தூய நீரில் கலந்தால்கூட, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரைடு வந்துவிடும். உயர் அழுத்தப் பாயிலரின் எஃகுக்கு அதுவே ஆபத்து. கண்டன்சரின் நீராவிப் பக்கம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கிறது. அதனால் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் நீர் வெளியே சிந்தித் தரை நனையாது, சத்தமில்லாமல் உள்ளே உறிஞ்சப்படும். நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவி காட்டிக்கொடுத்தால்தான் உண்டு. ஒன்றேகால் மில்லிமீட்டர் பித்தளையின் மேல் எவ்வளவு பெரிய பொறுப்பு சுமத்தப்பட்டிருக்கிறது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பித்தளையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? முதல் காரணம் வெப்பம் கடத்தும் திறன். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற அளவில் சொன்னால், கண்டன்சர்களுக்கான பித்தளை வகைகள் 100 முதல் 110 வரை கடத்துகின்றன. பத்து சதவீதம் நிக்கல் கலந்த குப்ரோநிக்கல் ஏறக்குறைய 50, முப்பது சதவீதம் நிக்கல் கலந்தது 30, டைட்டானியம் 20, துருவேறா எஃகு 16. இரண்டாவது காரணம், பித்தளையைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து நீளமான, தையலற்ற குழாயாக்கலாம். மூன்றாவது, துத்தநாகம் செம்பைவிட விலை குறைவு. நான்காவதாகவும் ஒன்று உண்டு. பல நேரம் அது மறந்துபோகிறது. செம்பு கலந்த பரப்பில் கடல் உயிரினங்கள் எளிதில் ஒட்டி வளர்வதில்லை. கப்பலின் அடிப்பாகத்தைச் செம்புத் தகட்டால் மூடும் வழக்கம் அதனால்தான் வந்தது. பர்மிங்காமைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் மன்ட்ஸ் 1832-இல் செம்பு 60, துத்தநாகம் 40 என்ற விகிதத்தில் மலிவான கலவை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று, அந்தத் தகட்டு வணிகத்தைப் பெருமளவு கைப்பற்றினார். 1869-இல் நீரில் இறங்கிய கட்டி சார்க் என்ற புகழ்பெற்ற பாய்க்கப்பலின் அடிப்பாகம் மன்ட்ஸ் உலோகத்தால் மூடப்பட்டதுதான்.

குழாய் வடிவில் பித்தளை கடலுக்குப் போனது நீராவிக் கப்பலோடு. ஜேம்ஸ் வாட்டின் கண்டன்சரில் நீராவியின் மேல் குளிர்நீரை நேரடியாகப் பீய்ச்சுவார்கள். இரண்டும் கலந்துவிடும். நிலத்தில் இது பெரிய குறையில்லை. கடலில் பீய்ச்சக் கிடைப்பது உப்புநீர் மட்டுமே. அதையே பாயிலரில் விட்டுக் கொதிக்க வைத்தால் உப்புப் படிந்து பாறையாகும். அடிக்கடி பாயிலர் நீரைக் கடலில் கொட்டி, புதிதாக நிரப்பி, அதற்கும் நிலக்கரி எரிக்க வேண்டியிருந்தது. சாமுவேல் ஹால் என்ற ஆங்கிலேயர் 1830-களில் நீராவியையும் குளிர்நீரையும் குழாய்ச் சுவரால் பிரிக்கும் கண்டன்சரை உருவாக்கினார். 1838-இல் அட்லான்டிக்கைக் கடந்த சிரியஸ் கப்பலில் அது இருந்தது. நன்னீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வசதி கிடைத்த பிறகுதான் பாயிலரின் அழுத்தத்தை உயர்த்த முடிந்தது. குழாய்களால் ஆன இன்றைய கண்டன்சர்கள் இந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்கள்தான்.

அதோடு நோயும் வந்தது.

கடல்நீரில் கிடந்த பித்தளை விசித்திரமாகக் கெடும். இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிராது. உருவமும் அளவும் அப்படியே இருக்கும், மஞ்சள் நிறம் மட்டும் செம்பின் சிவப்பாக மாறியிருக்கும். அந்தச் சிவப்புப் பகுதியில் துத்தநாகம் இல்லை. மிஞ்சியிருப்பது நுண்துளைகள் நிறைந்த, வலுவற்ற செம்பு. ஆணி முனையால் குத்தினால் உதிரும். மான்செஸ்டரில் கால்வர்ட்டும் ஜான்சனும் 1860-களிலேயே மன்ட்ஸ் உலோகத்தைக் கடல்நீரில் வைத்துப் பார்த்து இந்த மாற்றத்தைப் பதிவு செய்தார்கள். டீசிங்கிஃபிகேஷன் என்று பொறியாளர்கள் இன்று சொல்லும் துத்தநாக இழப்பு இதுதான். சில இடங்களில் இது பரப்பு முழுவதும் ஒரே படலமாகப் பரவும். அது மெதுவாக நடப்பது, முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். கொடியது மற்றொரு வகை. மணல், சிப்பித்துண்டு, வண்டல் ஏதாவது படிந்த புள்ளியில் தக்கை போன்ற ஒரு சிவப்புக் கட்டி சுவரைத் துளைத்துக்கொண்டு வளரும். குழாயின் மற்ற பகுதியெல்லாம் புத்தம் புதிதாக இருக்கும். ஒருநாள் தக்கை கழன்று விழும், கடல் உள்ளே வரும்.

துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறுகிறதா, அல்லது செம்பும் துத்தநாகமும் சேர்ந்து கரைந்து, பிறகு செம்பு மட்டும் அதே இடத்தில் திரும்பப் படிகிறதா என்ற விவாதம் நீண்ட காலம் நடந்தது. இரண்டும் சூழலைப் பொறுத்து நடக்கக்கூடும் என்பதே ஆய்வுகள் காட்டுவது. ஆனால் கப்பலின் இயந்திர அறையில் நின்றவர்களுக்கு உடனடித் தேவை விளக்கம் அல்ல, ஓட்டை விழாத குழாய். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு தீர்வைப் பிடித்தது. செம்பு 70, துத்தநாகம் 29, வெள்ளீயம் 1. கடற்படைத் தலைமையகத்தின் பெயரே அந்தக் கலவைக்கு ஒட்டிக்கொண்டது: அட்மிரால்டி பித்தளை. உலகெங்கும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் இன்றும் இதே பெயர்தான். வெள்ளீயம் அரிப்பைத் தாமதப்படுத்தியது உண்மை. நிறுத்தவில்லை.

அதன் விலை 1914-இல் தெரிந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களில், ஜெர்மானியக் கடற்படையை எதிர்நோக்கி ஸ்காட்லாந்துக்கு வடக்கே காத்திருந்த பிரிட்டனின் பெருங்கப்பற்படைக்குத் தளபதி ஜெல்லிக்கோ. தம் கொடிக்கப்பலான அயர்ன் டியூக்கிலும் ஏஜாக்ஸ் என்ற மற்றொரு போர்க்கப்பலிலும் கண்டன்சர் குழாய்கள் கசிந்து தொல்லை தந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். அதே வேளையில் வேறு பெருங்கப்பல்களும் பழுதுபார்ப்பில் இருந்தன. எதிரியைவிட எத்தனை கப்பல் கூடுதல் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பல்லாயிரம் டன் எடையும் பெரும் பீரங்கிகளும் கொண்ட போர்க்கப்பல், குழாயில் விழுந்த துளைக்காகத் துறைமுகம் திரும்பியது. ஏதோ தொற்றுநோயைச் சொல்வதுபோல மாலுமிகள் அதற்கு ‘கண்டன்செரைட்டிஸ்’ என்று பெயரிட்டார்கள்.

அந்த நோயைத் தீர்த்த முறைதான் இந்த உரையின் மையம். லண்டனின் உலோகவியல் கழகம் போருக்கு முன்பே ஓர் அரிப்பு ஆய்வுக் குழுவை அமைத்திருந்தது. கை டன்ஸ்டன் பெங்கோ அதன் ஆய்வாளர். குழு அறிக்கை மேல் அறிக்கையாக வெளியிட்டது. கெட்டுப்போன குழாய்களை வரவழைத்து அறுத்துப் பார்த்தார்கள். எந்த நீர், எவ்வளவு வேகம், என்ன வெப்பநிலை, எத்தனை மாதம் உழைத்தது என்று விசாரித்தார்கள். ஒரே கலவை என்று எண்ணப்பட்ட குழாய்களில் சில பல ஆண்டு உழைத்தன, சில மாதங்களில் செத்தன. இந்த வேறுபாட்டை ‘விதி’ என்று விட்டுவிடாமல் துருவியதுதான் அவர்களின் பெருமை. பெங்கோவும் ஆர். மேயும் 1924-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பெரும் திருப்பம் இருந்தது. பித்தளையில் மிகச் சிறிய அளவு ஆர்செனிக் இருந்தால் துத்தநாக இழப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

எவ்வளவு சிறிய அளவு? இன்றைய தர விதிகள் கேட்பது 0.02 முதல் 0.06 சதவீதம். ஒரு டன் பித்தளைக்கு 200 முதல் 600 கிராம். தாளிப்பில் விழும் பெருங்காயத்தைவிடக் குறைந்த பங்கு. ஆனால் இது இருக்கிறதா இல்லையா என்பதில்தான் குழாயின் ஆயுள் அடங்கியிருக்கிறது. கரைந்த செம்பு மீண்டும் உலோகமாகப் படியும் வினையை ஆர்செனிக் தடுக்கிறது என்பது ஏற்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. ஆன்டிமனியும் பாஸ்பரஸும் இதே வேலையைச் செய்யும். அதனால் அமெரிக்கத் தரவரிசையில் அட்மிரால்டி பித்தளைக்கு சி44300, சி44400, சி44500 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. முதலாவதில் ஆர்செனிக், இரண்டாவதில் ஆன்டிமனி, மூன்றாவதில் பாஸ்பரஸ். கொள்முதல் ஆவணத்தில் வெறுமனே ‘70-29-1’ என்று எழுதி, இந்தத் துளியைக் குறிப்பிடாமல் விட்டால், 1914-க்கு முந்தைய குழாயைக் காசு கொடுத்து வாங்குவதாக ஆகிவிடும்.

ஆர்செனிக்குக்கும் எல்லை உண்டு. துத்தநாகம் ஏறக்குறைய 35 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது பித்தளை ஒரே வகைப் படிக அமைப்பில் இருக்கும். அதை ஆல்ஃபா என்பார்கள். அதற்கு மேல் போனால் பீட்டா என்ற இரண்டாம் அமைப்பும் கலந்து நிற்கும். ஆர்செனிக் காப்பது ஆல்ஃபாவை மட்டுமே. 40 சதவீதம் துத்தநாகம் உள்ள மன்ட்ஸ் உலோகத்தில் எத்தனை ஆர்செனிக் போட்டாலும் பீட்டா பகுதி கரைந்துகொண்டே இருக்கும். டியூப் ஷீட்டுக்கு அது இன்றும் பயன்படுகிறது. அந்தத் தகடு அங்குலக் கணக்கில் கனமானது, கொஞ்சம் இழந்தாலும் தாங்கும். குழாய்க்கு அந்த வசதி இல்லை.

ஒரு வாசலை அடைத்ததும் நோய் இன்னொரு வாசலில் வந்தது. டர்பைன் வந்தபின் கண்டன்சரில் நீர் வேகமாக ஓட வேண்டியிருந்தது. குழாய்க்குள் நுழையும் இடத்தில் நீர் சுழித்து, காற்றுக் குமிழிகளோடு சுவரில் மோதும். பித்தளையைக் காக்கும் மெல்லிய படலம் அங்கே கிழியும். கிழிந்த இடம் அரிக்கும். குழாயைப் பிளந்து பார்த்தால் குதிரை லாடம் போன்ற பளபளப்பான குழிகள் தெரியும். நுழைவாயிலிலிருந்து முதல் சில அங்குலங்களில்தான் அவை அதிகம். இந்த மோதல் அரிப்பு துத்தநாக இழப்பு அல்ல, தனி நோய் என்று பிரித்துக் காட்டியதில் மேயின் பங்கு பெரிது. மருந்தும் அதே ஆய்வு மரபிலிருந்தே 1920-களின் கடைசியில் வந்தது. வெள்ளீயத்துக்குப் பதில் 2 சதவீதம் அலுமினியம். செம்பு 76, துத்தநாகம் 22, அலுமினியம் 2, கூடவே அந்த ஆர்செனிக் துளி. அலுமினியம் பித்தளை என்ற இந்தக் கலவையின் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் உறுதியானது. கீறல் விழுந்தாலும் தானாக மூடிக்கொள்ளும். அட்மிரால்டி பித்தளையில் கடல்நீரை நொடிக்கு ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டி ஓட்டலாம். அலுமினியம் பித்தளையில் இரண்டு மீட்டருக்கு மேலும் துணியலாம். அலுமினியம் பித்தளையும், இரும்பு சேர்த்து மேம்படுத்திய குப்ரோநிக்கலும் கப்பல்களில் இடம்பிடித்தன. இரண்டாம் உலகப் போரில் பழைய கண்டன்செரைட்டிஸ் பெருமளவு அடங்கியிருந்தது.

இரும்பைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர முடியாது. பழைய கப்பல்களில் கண்டன்சருக்குக் கடல்நீர் கொண்டுவந்த பெருங்குழாய்கள் வார்ப்பிரும்பாலோ எஃகாலோ ஆனவை. அவை துருப்பிடித்தன. பின்னர் வந்த பொறியாளர்கள் அந்தத் துருவை ஒழிக்க நினைத்து, பெருங்குழாய்களுக்கு உள்பூச்சு பூசினார்கள், அல்லது செம்புக் கலவைக் குழாய்களாக மாற்றினார்கள். உடனே அலுமினியம் பித்தளைக் குழாய்கள் கெட ஆரம்பித்தன. மேல்பக்கத்தில் கரைந்த இரும்புதான் கீழே போய்ப் பித்தளையின் உள்சுவரில் பழுப்புநிறப் படலமாகப் படிந்து இத்தனை காலம் காவல் காத்திருக்கிறது! அதைப் புரிந்துகொண்ட பிறகு, குளிர்நீரில் ஃபெரஸ் சல்ஃபேட்டை வேண்டுமென்றே சேர்க்கும் முறை வந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், பத்து லட்சத்தில் ஒரு பங்கு இரும்பு. கடலோர மின்நிலையங்கள் பலவற்றில் இது அன்றாட வேலையாயிற்று. ஒரு உறுப்பின் குறையை நீக்கும்போது அது வேறு யாருக்குக் காவலாக இருந்தது என்று பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலோகவியலில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பித்தளையின் மூன்றாவது நோய்க்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் பித்தளைத் தோட்டா உறைகளைச் சேமித்து வைத்தபோது, மழைக்காலத்தில் அவை தாமாகவே விரிசல் விட்டன. யாரும் தொடவில்லை, சுடவும் இல்லை. பருவத்தோடு வந்ததால் ‘பருவ வெடிப்பு’ என்று அழைத்தார்கள். தோட்டாக்கள் பல இடங்களில் குதிரை லாயங்களை ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரம், உறையை அச்சில் இழுத்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் கூடினால்தான் வெடிப்பு என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921-இல் விளக்கினார்கள். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் பித்தளை பிழைத்துக்கொள்ளும்.

கண்டன்சர் குழாயும் இழுத்துச் செய்யப்பட்டதுதான், அதற்குள்ளும் அதே இறுக்கம் இருக்கும். அதனால் இழுத்தபின் அளவான சூட்டில் வைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்தியே அனுப்ப வேண்டும். தளர்ந்ததா என்று அறிய, மாதிரித் துண்டை மெர்குரஸ் நைட்ரேட் கரைசலில் போட்டுப் பார்ப்பார்கள், அல்லது அம்மோனியா ஆவியில் வைப்பார்கள். இறுக்கம் மிச்சமிருந்தால் துண்டு விரிசல் விடும். ஆனால் ஆலையிலிருந்து நல்லபடியாக வந்த குழாயை நிறுவும் இடத்தில் கெடுக்கவும் முடியும். எக்ஸ்பாண்டரை அளவுக்கு மீறி இறுக்கினால் டியூப் ஷீட்டை ஒட்டிய வளையத்தில் அதே இறுக்கம் மறுபடி நுழைந்துவிடும். அம்மோனியாவுக்கோ பஞ்சமே இல்லை. பாயிலர் நீரின் காரத்தன்மையைக் காக்க அம்மோனியாவும், ஆக்சிஜனை நீக்க ஹைட்ரசீனும் சேர்க்கிறார்கள். ஹைட்ரசீன் சிதைந்தாலும் அம்மோனியாதான். குளிராத வாயுக்களை உறிஞ்சி வெளியேற்றும் மூலையில் அது செறிந்து சேரும். அங்கே உள்ள பித்தளைக் குழாய்களின் வெளிப்புறத்தில், தாங்கு தகடுகளை ஒட்டி, கத்தியால் கீறியதுபோலப் பள்ளம் விழும். விவரமறிந்த வடிவமைப்பாளர் அந்த மூலைக்கு மட்டும் குப்ரோநிக்கலோ துருவேறா எஃகோ போடுவார், மீதி இடமெல்லாம் பித்தளை. ஒரே பெட்டிக்குள் இரண்டு உலோகம் எதற்கு என்று கணக்குப் பிரிவு கேட்டால், பதில் இதுதான்.

நன்னீரில் ஓடும் குழாய் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. கல்பாக்கத்தில் இருந்து ஆய்வு செய்த டி.எஸ். ராவ், கே.வி.கே. நாயர் இருவரும், நன்னீரால் குளிர்விக்கப்படும் ஓர் அணுமின்நிலையத்தில் அட்மிரால்டி பித்தளைக் குழாய்கள் விரிசல் விட்டதை ஆராய்ந்து 1998-இல் கட்டுரை வெளியிட்டார்கள். நுண்ணுயிர்கள் தூண்டிய விரிசல் என்பது அவர்கள் முடிவு. குழாயின் உள்சுவரில் வழுவழுப்பாகப் படியும் நுண்ணுயிர்ப் படலத்தின் அடியில் நிலவும் வேதியியல், ஓடும் நீரின் வேதியியல் அல்ல. மேலே ஓடும் நீரைச் சோதித்து ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்திடலாம். படலத்துக்கு அடியில் உருவாகும் அம்மோனியாவும் சல்ஃபைடும் அந்தச் சோதனைத் தாளில் வராது.

சல்ஃபைடு செம்புக் கலவைகள் எல்லாவற்றுக்கும் பகை. கழிவுநீர் கலந்த கழிமுகம், அழுகும் சேறு நிறைந்த துறைமுகம் ஆகியவற்றின் நீர் பித்தளையின் மேல் கரிய சல்ஃபைடு படலத்தைப் போடும். அது காவல் காக்காது. புதுக் குழாய்க்கு இது இன்னும் கேடு. நல்ல ஆக்சைடு படலம் முழுமையாக அமைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். கட்டி முடித்த கப்பலை அசுத்தமான துறைமுகத்தில் நிறுத்தி, அந்த நீரையே கண்டன்சரில் ஓட்டிச் சோதித்தால், குழாயின் முதல் படலமே கெட்ட படலமாகிவிடும். பிறகு நடுக்கடலின் தூய நீரில் ஓடும்போதும் அந்தக் கப்பலின் குழாய்கள் தொடர்ந்து கெடும். ஆலைகளில் ஷட்டவுனின்போது கண்டன்சரை நீரோடு அப்படியே விட்டுவிடும் வழக்கத்துக்கும் இதே தண்டனைதான். தேங்கிய நீரில் உயிரினங்கள் மடிந்து அழுகும். வடித்து, நன்னீரால் அலசி, காயவைப்பது செலவில்லாத வேலை. செய்யாமல் விடுவது பெருஞ்செலவு.

தமிழ்நாட்டின் கடற்கரைக்கு இந்த அறிவு நேரடியாகத் தேவைப்படுகிறது. கல்பாக்கத்தின் சென்னை அணுமின்நிலையம் கடலடியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக நீரை எடுக்கிறது. அந்தச் சுரங்கச் சுவரில் பச்சை மட்டிகள் அடர்ந்து வளர்ந்த விதமும், குளோரின் செலுத்தி அவற்றைக் கட்டுப்படுத்திய விதமும் பல ஆய்வுக் கட்டுரைகளாக வந்திருக்கின்றன. சுரங்கத்தில் பிடிவிட்ட ஓடு ஒன்று கண்டன்சர் குழாயில் சிக்கினால், அதைச் சுற்றி நீர் இறுகி விரைந்து சுவரை அரிக்கும். மட்டியின் உயிரியலும் பித்தளையின் உலோகவியலும் ஒரே பொறியாளரின் மேசைக்கு வருவது இப்படித்தான். தூத்துக்குடியின் அனல் மின்நிலையத்துக்கும் கடல்நீர்தான் குளிர்நீர். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 தைப்பொங்கல் நாளில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அரிப்பைத் தன் முதன்மையான துறைகளில் ஒன்றாக வளர்த்தது. உலோகத் துண்டுகளைக் கடல்நீரிலும் கடற்காற்றிலும் ஆண்டுக்கணக்கில் வைத்து அளக்க, மண்டபம் என்ற கடலோர ஊரில் அதற்குக் களமும் இருந்தது.

கடலே பார்க்காத ஆலைகளிலும் இந்தக் குழாய் உண்டு. சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைச் சூடாக்கும் ஜூஸ் ஹீட்டரிலும், சாற்றை வற்றவைக்கும் கலன்களிலும் நெடுங்காலம் பித்தளைக் குழாய்களே கோலோச்சின. அண்மைக் காலத்தில் துருவேறா எஃகு அந்த இடத்தை வேகமாகப் பிடித்துவருகிறது. வாங்குபவர் பார்க்க வேண்டிய இந்தியத் தரம் ஐஎஸ் 1545. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் பி111, ஐரோப்பாவில் இஎன் 12451. எல்லாமே கலவையின் விகிதத்தோடு இறுக்கத் தளர்ச்சியையும் சுவரில் மறைந்த குறைகளையும் சோதிக்கச் சொல்கின்றன. மறைந்த குறைகளுக்கு மின்சுழல் சோதனை. மின்சுருளுக்குள் குழாயை ஓடவிட்டால், சுவரில் விரிசலோ துளையோ உள்ள இடத்தில் குறிமுள் துள்ளும்.

டைட்டானியம் வந்தபின் பித்தளையின் காலம் முடிந்துவிட்டதா? கடல்நீர் டைட்டானியத்தை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. கல்பாக்கத்தின் முன்மாதிரி அதிவேக ஈனுலையின் கண்டன்சருக்கு அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. வெப்பம் கடத்தும் திறன் ஐந்தில் ஒன்றுதான் என்றாலும், சுவரைப் பாதித் தடிமனாக்கி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டலாம். தவிர, வெப்பத்துக்குத் தடை குழாய்ச் சுவர் மட்டுமல்ல, அதன் மேல் படியும் அழுக்கும்தான். அங்கேதான் டைட்டானியம் பின்தங்குகிறது. செம்பு நச்சு இல்லாததால் அதன் பரப்பில் உயிர்ப் படலம் தடையின்றி வளரும். குளோரினையும், குழாய்க்குள் ஓடித் தேய்க்கும் ரப்பர் பஞ்சுப் பந்துகளையும் விடாமல் பயன்படுத்த வேண்டும். பித்தளைக்கும் தன் பங்குக் குறை உண்டு. நீராவிப் பக்கம் கரையும் செம்பு பாயிலர் வழியாகப் பயணித்து டர்பைன் பிளேடுகளில் படியும். அழுத்தம் உயர உயர இது பெருந்தொல்லை. ஆகவே மிக உயர் அழுத்த நிலையங்களும் அணு நிலையங்களும் பித்தளையைக் கைவிட்டது நியாயமே. அதைப் பார்த்து, நடுத்தர அழுத்தத்தில் தூய நீரில் ஓடும் ஒவ்வொரு ஆலையும் பித்தளையைக் கழற்றி எறிவது நியாயமல்ல. நல்ல கலவை, கட்டுக்குள் வேகம், சுத்தமான உள்சுவர் மூன்றும் இருந்தால் பித்தளைக் குழாய் இருபது முப்பது ஆண்டு உழைத்த இடங்கள் உண்டு.

இத்தனை விவரத்துக்கும் பின்னால் இருப்பது கெட்டுப்போன குழாய்களை அறுத்துப் பார்த்த பழக்கம். நம் ஆலைகளில் நடப்பது வேறு. குழாய் கசிந்தால் இரு முனைகளிலும் பிளக் அடித்து ஓட்டுகிறார்கள். பிளக் எண்ணிக்கை பத்து சதவீதத்தை நெருங்கினால் மொத்தமாக மாற்றுகிறார்கள். பழைய பித்தளைக்கு நல்ல விலை கிடைப்பதால் கழற்றிய குழாய்கள் அன்றே எடைக்குப் போய்விடுகின்றன. எங்கே ஓட்டை விழுந்தது, உள்ளிருந்தா வெளியிலிருந்தா, சிவப்புத் தக்கையா, லாடக் குழியா, விரிசலா என்ற கேள்விகளும் அதோடு உருகிப்போகின்றன. அடுத்த முறை அதே கலவைக்கே ஆர்டர் போகிறது, அதே இடத்தில் ஓட்டை விழுகிறது.

ஆலைப் பொறியாளர்களிடமும் பராமரிப்புப் பிரிவினரிடமும் இந்த மேடையிலிருந்து வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. கழற்றிய குழாய்களை எடைக்குப் போடுமுன் ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றி ஓர் அடி நீளம் வெட்டி எடுங்கள். அது கண்டன்சரில் எந்த வரிசை, எந்த முனை, எத்தனை ஆண்டு ஓடியது, என்ன நீர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். அரிப்பு ஆய்வகம் ஒன்றுக்கு அதை அனுப்பி, வரும் முடிவை மற்ற ஆலைகளோடும் பகிர்ந்துகொள்ளுங்கள்.